கடைவாய்ப் பல்லும் மேஷச் சந்திரனும்

என் கணவர் அனந்தராமன் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் பொறியாளர். நாள் முழுக்க குண்டுகளோடு பழகுகிறவர், வீட்டில் பஞ்சாங்கத்தைக் கண்டால் மட்டும் பொறுமை இழப்பார். கட்கி பஜாரில் தமிழ்க்கடைக்காரர் வருடா வருடம் தரும் தினசரி காலண்டரை எங்கள் விஷ்ராந்த்வாடி வீட்டு சமையலறையில் நான்தான் மாட்டுவேன். கிழித்த தாளின் பின்பக்கம் கணக்குப் போட உதவும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த நான், கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பழைய இங்கிலாந்துப் பஞ்சாங்கங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தேன். ஆமாம், வெள்ளைக்காரர்களும் முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்னால் பஞ்சாங்கம் பார்த்துத்தான் பேதிக்கு மருந்து சாப்பிட்டார்கள். அதில் ஒரு படத்தில் அம்மணமாக ஒரு ஆள் நிற்பான். தலைக்கு மேஷம், கழுத்துக்கு ரிஷபம் என்று இறங்கிக்கொண்டே போய்ப் பாதத்துக்கு மீனம். சந்திரன் எந்த ராசியில் இருக்கிறதோ, அந்த உறுப்பில் அன்று இரும்பு படக்கூடாது. இது போதாதென்று வீட்டு வைத்தியப் புத்தகங்கள் வேறு. காசநோய்க்கு நத்தையைக் காய்ச்சி வடித்த தண்ணீர், பல்வலிக்குச் சுட்ட ஷல்கம், அதாவது டர்னிப் கிழங்கின் தோலைக் காதுக்குப் பின்னால் கட்டுவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். செத்துப்போன துரைகளுக்கு நீ ஏன் திதி கொடுக்கிறாய் என்று அனந்தராமன் கேட்பார்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் ஆய்வேட்டின் மீது வெளியூர்ப் பேராசிரியரின் அறிக்கை வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி. பலன்கள் வருடா வருடம் பொய்த்தும் ஜனங்கள் ஏன் திரும்பத் திரும்ப இந்தப் பஞ்சாங்கங்களை வாங்கினார்கள்? 'அறியாமை' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு ஆய்வாளர் நழுவிவிட்டார், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இதற்கு விளக்கம் வேண்டும். இத்தனை வருட உழைப்பு அந்த ஒரு கேள்வியில் நின்றது, என்னிடமோ பதில் இல்லை.

அதே வாரம்தான் அனந்தராமனின் கடைவாய்ப் பல்லும் தன் வேலையைக் காட்டியது. ஆளந்தி ரோடு பல் டாக்டர் பட்வர்தன் வாய்க்குள் பார்த்துவிட்டு, பல்லை எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கும் என்று சொல்லித் திங்கட்கிழமை வரச்சொன்னார். வைவா வியாழக்கிழமை. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அனந்தராமன் வந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

திங்கட்கிழமை காலை புறப்படலாம் என்று கூப்பிடப் போனால், மனிதர் சோபாவில் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டுக்குள்ளிருந்து ஏதோ கருகின வாசனை. அவிழ்த்துப் பார்த்தேன். ஷல்கம் தோல். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கத்தரிக்காய் வாங்கி வந்தறியாதவர், காய்கறி விற்கும் பாஜிவாலியைத் தேடிப்போய் ஷல்கம் வாங்கி, எனக்குத் தெரியாமல் அடுப்பில் சுட்டிருக்கிறார். மடியில் என் ஆய்வேடு.

"இன்னிக்குப் போக முடியாது, வைஜு. காலண்டர்ல பரணி போட்டிருக்கான். பரணின்னா மேஷம், மேஷம்னா தலை. தலைல இரும்பு படக்கூடாதுன்னு நீதானே எழுதியிருக்கே?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. நாலாவது அத்தியாயத்து அடிக்குறிப்பைத் திருப்பி அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். வெள்ளைக்காரன் ராசியும் நம் ராசியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு ராசி தூரம் விலகிப்போயிருக்கிறது. நம் காலண்டரில் பரணி என்றால் அவன் கணக்கில் சந்திரன் ரிஷபத்துக்கே போயாகிவிட்டது, தலைக்கு இன்று ஒரு தடையும் இல்லை. அவன் சட்டத்துக்கு நம் காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கும் ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்றேன். அவர் அசரவில்லை. ரிஷபம் கழுத்துதானே, கழுத்து பல்லுக்குப் பக்கம்தானே என்றார்.

குண்டோடு குடும்பம் நடத்துகிறவருக்கு பல் பிடுங்கும் இடுக்கியைப் பார்த்து இத்தனை நடுக்கமா என்று நான் ஆரம்பித்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீ மட்டும் வைவாவ ரெண்டு மணிலேர்ந்து பதினொண்ணுக்கு மாத்திண்டது எதுக்காம்? பஸ் கிடைக்காதுன்னு உன் கைடு வேணா நம்புவார். வியாழக்கிழமை ராகு காலம் எத்தனை மணிக்குன்னு எனக்குத் தெரியாதா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "பயமா இருந்தது, அதான்" என்றேன்.

வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு அவர் என்னையே பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இந்த வயசுல அதை யார்கிட்ட சொல்றது? சந்திரன் மேஷத்துல இருக்குன்னு வேணா சொல்லிடலாம்."

நூலகம் நூலகமாக நான் தேடிய பதில், காதோரம் ஷல்கம் கரியோடு எதிரே உட்கார்ந்திருந்தது. ஆய்வேட்டை மறுபடி புரட்டினேன். ஓரமெல்லாம் பென்சில் கோடு. பல்லிலிருந்து தப்பிக்க வழி தேடி மனிதர் முழுவதையும் படித்திருக்கிறார். அவர் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டே டாக்டர் வீட்டுப் படியேறினார், பல் வெளியே வரும்வரை விடவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கேள்வி வந்தது. அறியாமை என்று எழுதியது தவறு என்றேன். பஞ்சாங்கம் பொய் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கலாம். ஆனால் பெரிய மனிதர்களால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. இன்று நாள் சரியில்லை என்று சொல்ல முடியும். அதற்காக வாங்கினார்கள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல வாதம்தான், ஆதாரம் எங்கே என்றார்.

கடைசி வரிசையில் தாடையோடு கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தவர், வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் ஆய்வேட்டை அடிக்குறிப்போடு முழுக்கப் படித்த ஒரு வாசகர் சொன்னது, பெயரைச் சொல்ல அனுமதியில்லை என்றேன்.

பேராசிரியர் என் பார்வை போன வழியே திரும்பினார். அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தை மெல்லத் தடவிக்கொண்டு, ரொம்ப வலித்ததா என்று அவரைக் கேட்டார்.