திருத்தமா, விளக்கமா

ஏரிச் சங்கத்தின் மே மாதக் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில் நடந்தது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். பதினோரு பேர். காபி, எலுமிச்சைக் கேக் துண்டுகள். என் மனைவி பிரிட்டா இறந்தபின் நான் போன முதல் கூட்டம்.

குறுகலுக்கான விதியைத் தெளிவாக எழுதுவதுதான் முதல் வேலை. எங்கள் ஏரி நடுவில் இடுப்பு போல ஒடுங்கும். கால் மைல் நீளம். இரண்டு முனையிலும் ‘மெதுவாக, அலை எழுப்பாதே’ என்று மிதவைகள். விதியில் எண் எதுவும் கிடையாது. ‘படகைத் திருப்பத் தேவையான மிகக் குறைந்த வேகம்’, அவ்வளவுதான்.

“மணிக்கு அஞ்சு மைல்னு போட்டுட்டுப் போவோம்,” என்றார் வெர்லின். இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். ஏரியிலேயே பெரிய படகு அவருடையது.

“உன் படகு அஞ்சு மைல்ல போனாலே என் படகுத்துறை ஆடுது. மூக்கைத் தூக்கிக்கிட்டு ஏரியை உழுதுகிட்டில்ல போற,” என்றார் சங்கத் தலைவி ஆர்லிஸ். அவருக்கு எழுபது வயது.

“மெதுவாத்தானே போறேன்!”

“பின்னாடி நுரை தெரிஞ்சா அது மெதுவாப் போறது இல்லய்யா.”

“காத்தடிக்கிற அன்னைக்கு? மினசோட்டாக் காத்துல அவ்ளோ மெதுவாப் போனா நாணலுக்குள்ள போய்ச் சொருகிக்கும்.”

“காத்தடிச்சா கொஞ்சம் கூட்டிக்க. கொஞ்சம். அந்த வார்த்தையை நீ கேள்விப்பட்டிருக்கியோ என்னவோ.”

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் டீன் மட்டும் எழுதிக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் அடுத்த வரியைப் படித்தார்.

“உயிருக்கு ஆபத்து நேரும்போது இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.”

வெர்லின் இன்னும் பழைய உற்சாகத்தில் இருந்தார். “சரியாப்போச்சு. இனி அவனவன் பொண்டாட்டி சாகக் கிடக்கான்னு சொல்லிட்டுப் பறப்பான்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் கழுத்து சிவந்தது.

“ஆண்டர்ஸ், நான் அந்த அர்த்தத்துல சொல்லலப்பா.”

“தெரியும்,” என்றேன்.

போன ஆகஸ்டில் பிரிட்டாவைக் குளவி கொட்டியது. அவளுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று எங்களுக்குத் தெரியாது. வடகரையில் எங்கள் வீட்டுக்குச் சாலை இல்லை. ஆம்புலன்ஸ் தென்கரையில் காத்திருந்தது. அவளைப் படகில் கிடத்தி முழு வேகத்தில் போனேன். மிதவை வந்ததும் வேகத்தைக் குறைக்க த்ராட்டிலைப் பின்னால் இழுத்தேன். யோசித்துச் செய்யவில்லை. பத்து வயதிலிருந்து அந்த மிதவையைப் பார்த்தால் இழுத்திருக்கிறேன். மெதுவாகப் போகிறேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. வேகமெடுக்க அனுமதி உண்டா என்று யோசித்தேன். எதிரில் ஒரு படகுகூட இல்லை. யோசித்து முடிப்பதற்குள் மறு மிதவை வந்துவிட்டது. பறந்திருந்தால் முப்பது நொடி. எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. கரை சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் குறுகலில் பறந்தேன் என்றே ஊர் நினைக்கிறது.

“இதை எப்படி எழுதட்டும்?” என்றான் டீன். “திருத்தம்னு போடவா, விளக்கம்னு போடவா? திருத்தம்னா இன்னையிலேருந்து புது விதி. விளக்கம்னா, எப்பவுமே அப்படித்தான்னு அர்த்தம்.”

அழைப்புக் கடிதத்தில் ‘திருத்தம்’ என்று இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்திருந்தேன். திருத்தம் என்றால் ஆகஸ்டில் எனக்கு அனுமதி இல்லை; நான் மெதுவாகப் போனது தப்பில்லை.

“திருத்தம்,” என்றேன். “கடுதாசியில அப்படித்தானே இருக்கு.”

“அது அவசரத்துல தட்டினது,” என்றான் டீன்.

“பழைய விதியில ரோந்துப் படகுக்கு மட்டும்தான் விலக்கு. மத்தவங்களுக்கு இல்ல. நாலு தடவை படிச்சுப் பார்த்தேன்.”

ஆர்லிஸ் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கண்ணு, நீ எதுக்குப் பயப்படுறேன்னு புரியுது. அன்னைக்கு நீ பறந்ததுக்கு ஒருத்தனும் உன்னை ஒண்ணும் கேட்க முடியாது. திருத்தம்னு எழுதினா நீ தப்பு பண்ணின மாதிரி ஆயிடும். விட்டுடுவோமா நாங்க?”

“ஷெரீஃப் ஆபீஸ்லேருந்து எவன் வேணா வரட்டும், நான் வந்து நிக்கறேன்,” என்றார் வெர்லின். தன் பேச்சை எப்படியாவது ஈடுகட்டத் தவித்தார். “உன் எடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான். பொண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறப்போ மிதவையைப் பார்த்து மெதுவாப் போறவன் எவன் இருக்கான், சொல்லு?”

“நான்...” என்று ஆரம்பித்தேன்.

“ஒண்ணும் பேசாத. காபியைக் குடி,” என்றார் ஆர்லிஸ்.

குடித்தேன்.

டீன் ‘திருத்தம்’ என்பதை அடித்துவிட்டு ‘விளக்கம்’ என்று எழுதினான். ‘இந்த விலக்கு எல்லாக் காலத்திலும் நடைமுறையில் இருந்தது என்பதைச் சங்கம் உறுதி செய்கிறது’ என்றும் சேர்த்துச் சத்தமாக வாசித்தான். வெர்லின் முன்மொழிந்தார். வழிமொழிய ஒருவர் வேண்டும். மற்ற எல்லோரும் சும்மா இருந்தார்கள். அந்த மரியாதையை எனக்கென்று விட்டு வைத்திருந்தார்கள்.

“நீ சொன்னாத்தான் நல்லாயிருக்கும்,” என்றார் ஆர்லிஸ்.

“வழிமொழியறேன்,” என்றேன்.

டீன் என் பெயரை எழுதிக்கொண்டான். அடுத்து, படகுத்துறைகளைச் சுற்றி மண்டும் நீர்க்களையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.