விட்டுக் கட்டிய கயிறு

மகனுக்குக் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் தியாகேசனுக்கு அழுகை வரவில்லை. ஊரில் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கல்நெஞ்சுக்காரர் என்றார்கள் சிலர். பாவம், எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே போட்டுப் புதைக்கிறார் என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேளாவேளைக்குப் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

இளஞ்செழியன் ஒரே பிள்ளை. மன்னார்குடி சாலையில் பைக்கில் வரும்போது லாரி மோதிப் போனான். வயலைப் பார்த்துக்கொள்ளடா என்று தகப்பன் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேளாமல், முத்துப்பேட்டை காயலில் ஒரு ஃபைபர் படகை வாங்கிப் போட்டு, அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவன். அந்தப் படகு துறையில் சும்மா கிடந்தது.

அவனுடைய கூட்டாளி ஃபாஜில் போன் செய்தான். "அப்பா, இன்னிக்கு ராத்திரி காத்து பலமா இருக்கும்கிறாங்க. துறையில கிடந்தா செழியன் படகு மிஞ்சாது. ஆனைவளைவுல கொண்டுபோய்க் கட்டிடலாம். நானே பாத்துக்கறேன், நீங்க அலைய வேணாம்."

"நான் வர்றேன்" என்றார் தியாகேசன்.

புறப்படும்போது மனைவி வள்ளியம்மை வாசல்வரை வந்தாள். "அதையாவது பத்திரமாப் பாத்துக்குங்க" என்றாள். குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'அதையாவது' பஸ்ஸில் முத்துப்பேட்டைவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

ஆனைவளைவு என்பது காயல் உள்வாங்கி வளைகிற இடம். மூன்று பக்கமும் அலையாத்தி மரங்கள் நெருக்கியடித்து நிற்பதால் காற்று நேராக வந்து மோதாது. காற்று என்று சொல்லிவிட்டால் சுற்றுவட்டாரப் படகெல்லாம் அங்கேதான் வந்து விழும். திருவாரூர்த் தேரன்று வண்டி நிறுத்த இடம் தேடுகிற கதைதான். சேற்றில் ஊன்றிய கழிகள் வரிசையாக நிற்கும். எந்தக் கழி யாருடையது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. ஃபாஜில் படகை மெதுவாக உள்ளே விட்டான். ஒரு கழிகூடக் காலியாக இல்லை. இளஞ்செழியனின் கழியில் வைரக்கண்ணு தன் மீன்பிடிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அது எம்மவன் கழி" என்றார் தியாகேசன். குரலில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்பதுபோலக் கேட்டார்.

வைரக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். கட்டியதை அவிழ்த்து, தன் படகை அடுத்த படகின் பின்னால் கொண்டுபோய்ப் பிணைத்தார். "செழியன் அப்பாங்களா? வாங்க. நான் கட்டித் தர்றேன்."

"எனக்குக் கட்டத் தெரியும்."

"தெரியாமயா. கயித்த மட்டும் நல்லா நீளமா விட்டுக் கட்டுங்க."

தியாகேசன் தலையை ஆட்டினார். முழங்கால் தண்ணீரில் இறங்கினார். போன வருஷம் ஒருநாள் இதே இடத்துக்கு வந்திருந்தார். இதே கழியில் படகு தொளதொளவென்று கிடந்து இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒரு படகு நிறைய இருக்க, "ஒரு மாட்டக்கூட ஒழுங்காக் கட்டத் தெரியாத பய, இவன் படகு ஓட்டுறானாம்" என்று சொல்லிவிட்டார். இளஞ்செழியன் சிரித்துக்கொண்டே இன்ஜினைத் துடைத்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வைரக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பியதும் தியாகேசன் கயிற்றை இழுத்துப் பிடித்தார். உழவு மாட்டை எப்படிக் கட்டுவாரோ அப்படி, கழியின் அடியோடு சேர்த்து, பிடி விடாத முடிச்சாகப் போட்டார். ஆயுசுக்கும் மாடு கட்டிய கை. படகு இம்மிகூட அசையவில்லை. அதையாவது பத்திரமாக வைத்தாயிற்று.

திட்டின் மேல் ஒரு வலைக் கொட்டகை இருந்தது. படகுக்காரர்கள் அங்கே தங்கினார்கள். ஃபாஜில் வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தியாகேசன் சாப்பிட்டார். படுத்தார். வெளியே காற்று கூரையைப் பிய்த்தது. அவர் தூங்கிவிட்டார்.

விடியும்போது ஃபாஜில்தான் உலுக்கி எழுப்பினான். "அப்பா, படகு."

அவருக்குத் தெரிந்த தண்ணீர் மேட்டூரில் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே பக்கமாகப் போகும். காற்று திரும்பினால் கடல் காயலுக்குள் ஏறும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத சங்கதி. முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. மற்ற படகுகளெல்லாம் தண்ணீரோடு ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மூக்கு தண்ணீருக்குள் அமுங்க, பின்பக்கம் தூக்கிக்கொண்டு கிடந்தது. ஒவ்வோர் அலையும் உள்ளே புகுந்தது.

தியாகேசன் இறங்கி ஓடினார். முடிச்சு அடியில் இருந்தது. குனிந்து தடவினார். கல்லாக இறுகியிருந்தது.

"அது இனி அவுராதுப்பா. அறுங்க" என்று ஃபாஜில் கத்தியை நீட்டினான்.

அவரே அறுத்தார். படகின் மூக்கு விசுக்கென்று மேலே வந்தது. உள்ளே புகுந்த தண்ணீரெல்லாம் பின்னால் ஓடியது. முழுகவில்லை. வைரக்கண்ணு ஏறி வாளியால் இறைக்க ஆரம்பித்தார். ஃபாஜில் வேறு கயிறு எறிந்தான்.

"நீங்களே கட்டுங்கப்பா."

இந்தத் தடவை கழியின் மேல்பக்கம் கட்டினார். கயிற்றை விட்டார். இன்னும் கொஞ்சம் விட்டார். படகு தொளதொளவென்று விலகிப் போய், அலையில் ஏறி, இப்படியும் அப்படியும் ஆடியது. போன வருஷம் ஆடிய அதே ஆட்டம்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் கேட்டார். "அன்னைக்கு ஏன் அவன் சொல்லல?"

எந்த நாள் என்று ஃபாஜில் கேட்கவில்லை. "நானும் கேட்டேன்ப்பா. அத்தனை பேரு முன்னாடி வெவரம் சொன்னா எங்கப்பா சின்னப்பட்டுப் போயிடுவாருடான்னான்."

தியாகேசன் திட்டில் ஏறினார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே வள்ளியம்மை எடுத்தாள்.

"படகு இருக்குல்லங்க?"

"இருக்கு" என்றார். ஆடுகிற படகைத் திரும்பிப் பார்த்தார். "அவன் சரியாத்தான் கட்டியிருந்தான் வள்ளி. எனக்குத்தான் தெரியல."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டது. கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு, படகுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், தியாகேசன் வாய்விட்டு அழுதார். இறைத்துக்கொண்டிருந்த வைரக்கண்ணு வாளியைக் கீழே வைத்தார்.

போன் காதிலேயே இருந்தது.

"அழுங்க" என்றாள் வள்ளியம்மை.