துண்டு கக்கிய முப்பத்து மூன்று கிராம்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு தவறு கண்டுபிடித்தேன். செய்தவன் நான்தான். சின்னத் தவறு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடிக்கும்போதும் அது சின்னதாகவே இருக்குமா என்று தெரியவில்லை.

முதலில் நிலவரம். எங்கள் மகளுக்கு இன்றோடு முப்பத்து நான்கு நாள். இரண்டாவது வாரத்திலிருந்து எதுக்களிப்பு. பால் குடித்த சற்று நேரத்தில் நெளிவாள், முகத்தைச் சுளிப்பாள், பிறகு குடித்ததில் ஒரு பங்கை நம் மேலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். போன வியாழக்கிழமை டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் எடை பார்ப்போம். ஏறலைன்னா மருந்து ஆரம்பிச்சிடலாம். அதுவரைக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கக்குறான்னு குறிச்சிட்டு வாங்க" என்றார். வெளியே வந்ததும் மனைவி, "இத்துனூண்டு உடம்புக்கு மருந்தா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

டாக்டரம்மாவுக்குத் தடவைக் கணக்கு போதும். எனக்குப் போதவில்லை. நான் வேலை பார்ப்பது திருகாணித் தொழிற்சாலையின் கிடங்கில். அங்கே யாரும் திருகாணியை எண்ணுவதில்லை. நிறைந்த பெட்டியை எடை போட்டு, காலிப் பெட்டியின் எடையைக் கழிப்போம். அதையே வீட்டிலும் செய்தேன். உலர்ந்த துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 28 கிராம். குழந்தை கக்கியதைத் துடைத்த துண்டை எடை போட்டு, 28-ஐக் கழித்தால் கக்கிய பால். நோட்டில் கோடு போட்டு ஐந்து நாளாக எழுதி வந்தேன்.

எண்கள் பெரிதாக இருந்தன. 47. 52. 44. மனைவி நோட்டைப் பார்ப்பாள், "ஐயோ, குடிச்சதெல்லாம் போச்சே" என்பாள், போனதை ஈடுகட்ட உடனே மறுபடி பால் கொடுப்பாள். குழந்தை மறுபடி கக்குவாள். நான் மறுபடி எடை போடுவேன்.

இன்று மாலை மனைவி ஏதோ ஞாபகத்தில், அலமாரியிலிருந்து எடுத்த சலவைத் துண்டைத் தராசின் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் பழக்க தோஷத்தில் எண்ணைப் பார்த்துக் கழித்தேன். 33. நோட்டிலும் எழுதிவிட்டேன். பிறகுதான் துண்டைத் தொட்டேன். காய்ந்திருந்தது. யாருமே கக்காத துண்டு முப்பத்து மூன்று கிராம் கக்கியிருந்தது.

எங்கள் வீட்டில் மெல்லிய துண்டும் உண்டு, தடித்த துண்டும் உண்டு. நான் எடை போட்டு வைத்தது மெல்லியதை. தடித்தது 61 கிராம்; நோட்டில் 33-ஐத் தாண்டிய எண்ணெல்லாம் அதன் வேலை. இது கிடங்கில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம்: பெட்டி மாறினால் எடை மாறும்.

கூடத்தில் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். குழாய் வேலை செய்கிறவர். குழந்தைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் டேங்கம்மா.

"மாப்ள, இது ஒண்ணும் நோய் இல்ல. மேல் வால்வு புதுசு. இன்னும் இறுகல. நீ டேங்கைக் குறை சொல்லாத" என்றார். சொன்னதோடு நிற்காமல், தொட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து உயர்த்தியும் வைத்திருந்தார். "சரிவு குடுத்துட்டேன். இனிமே எதிர்த்து வராது."

அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போவதாக இல்லை. ஆகவே அவர் முன்னிலையிலேயே மனைவியிடம் சொன்னேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். "அப்போ நான் அஞ்சு நாளா துண்டு கக்குனதுக்கு ஈடா இவளுக்குப் பால் குடுத்திருக்கேனா?"

"எல்லாத் தடவையும் இல்ல. பத்தொன்பது தடவைதான்."

மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. மனைவியும் சிரித்தாள். தோளில் இருந்த குழந்தை குலுங்கும் அளவுக்குச் சிரித்தாள். நிம்மதியாக நானும் சிரிக்கத் தொடங்கியபோது அவள் நிறுத்திவிட்டாள்.

"பால் குடுத்துக் குடுத்து எனக்கு எவ்வளவு வலிச்சுது தெரியுமாங்க? அதை எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்க?"

அதற்குக் கட்டம் போடவில்லை.

மார்ச் 12, புதன்

குழந்தை கேட்கும்போது மட்டும் பால் என்று நேற்றிரவே முடிவு செய்தோம். கக்கினால் துடைப்பது, அவ்வளவுதான். இன்று மாலை ஆறு மணி வரை ஐந்து தடவை. நேற்று இதே நேரத்துக்கு ஒன்பது. ஒரு நாளை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்று, கிடங்குக் கணக்கு படிக்க நான் போகும் மாலை வகுப்பில் சொல்வார்கள். சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து.

வகுப்பில் இன்று தவறான பதிவைத் திருத்தும் முறை. அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது. ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், அதற்குக் கீழே கையெழுத்து. இடைவேளையில் குழந்தையின் நோட்டை எடுத்துப் பத்தொன்பது இடத்திலும் அப்படியே செய்தேன். அதோடு, சலவைத் துண்டுக்கு எழுதிய 33-க்குப் பக்கத்தில் சுழி போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்தக் கம்பெனி சரக்குப்பா இது, இவ்வளவு சேதாரம்?"

நாளை எடை ஏறவில்லை என்றால் மருந்து. ஏறாமல் இருந்தால் அதில் என் பங்கு எவ்வளவு என்று கணக்கிட முயன்றேன். வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

நர்ஸ் குழந்தையின் உடுப்பை எல்லாம் கழற்றிவிட்டு எடை மேடையில் கிடத்தினார். "துணி எடை சேரக் கூடாதில்ல" என்று எதார்த்தமாகச் சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

போன வாரம் 3,640. இன்று 3,910.

"இருநூத்து எழுபது!" என்றேன். கொஞ்சம் சத்தமாகிவிட்டது. காத்திருந்த ஒருவர் கதவைத் திறந்து பார்த்தார். குழந்தை அந்த நேரம் பார்த்து எடை மேடையிலேயே கக்கினாள்.

"அதையும் சேர்த்துதான் இருநூத்து எழுபது" என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது குழந்தையா, குடோனா? என்ன சார், இடம் இடமா கையெழுத்து?"

சொன்னேன். துண்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டதுதான் பெரிய விஷயம்.

"மருந்து வேண்டாம். எடை நல்லாவே ஏறுது. வயிறு கொள்ளுறதுக்கு மேல ஊத்துனா வழியத்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமா, அவ கேக்கும்போது குடுங்க. வளர வளர தானா சரியாகும். பச்சையா கக்குனாலோ, ரத்தம் தெரிஞ்சாலோ, பீய்ச்சி அடிச்சாலோ, பாலே வேண்டாம்னு திரும்பிக்கிட்டாலோ உடனே வந்திடுங்க."

மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

தொட்டிலுக்குக் கொடுத்த சரிவைப் பற்றியும் கேட்டேன். நர்ஸ் குறுக்கே வந்தார். "அதை முதல்ல எடுங்க. தூங்கும்போது சமமான படுக்கைல மல்லாக்கப் படுக்க வைக்கணும். முழிச்சிருக்கும்போதுதான் நிமிர்த்தி வைக்கறது. பால் குடிச்சதும் அரை மணி நேரம் தோள்ல வச்சிருங்க. இப்போ யாரு வச்சிருக்கீங்க?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"எல்லாத் தடவையுமா?"

"இவர்தான் அந்த நேரம் எடை போட்டுட்டு இருப்பாரே."

நர்ஸ் என் தோளை ஒரு முறை பார்த்தார், இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

வீட்டுக்கு வந்ததும் மரக்கட்டைகளை எடுத்தேன். மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நர்ஸம்மா சொன்னா சரிதான். அவங்க லைன் வேற, நம்ம லைன் வேற" என்றார். தராசை எடுத்துச் சமையலறை மேல்தட்டில் வைத்தேன்.

நாளை: காலை ஆறு மணிப் பாலுக்குப் பிறகு அரை மணி நேரம் குழந்தையை என் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். மனைவி தூங்கட்டும். வேலைக்குப் போகும் சட்டையை ஆறரைக்கு மேல் போட வேண்டும்.