ஒரு ஆளுக்கு அட்வான்ஸ்

பல்லுக்காரர் அந்தப் பயணத்தை ரத்து செய்யாததற்கு ஒரே காரணம்தான். ரத்து செய்தால் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்த அந்தச் சின்ன ஓட்டலுக்கு மூன்று தடவை போன் போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதுமே வைத்துவிட்டார். மனைவி இறந்துவிட்டாள், அதனால் வரவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆனால் அந்த ஒரு வாக்கியம் நாலு மாதமாக அவர் வாயைத் தாண்டி வெளியே வரவில்லை. அதைச் சொல்வதைவிட விமானம் ஏறிப் போய்விடுவது சுலபமாகத் தெரிந்தது. போய்விட்டார்.

பல் மருத்துவர்கள் அனுப்பும் மாவு அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். முப்பது வருஷமாக அடுத்தவர் வாய்க்குத்தான் உழைத்தார். சொந்த வாய்க்கு அதிகம் வேலை கொடுத்ததில்லை. அதற்கும் சேர்த்து மனைவி பேசிக்கொண்டாள். பேரத்தில் அவள் எமகாதகி. 'ஒரே விலை' என்று பலகை மாட்டிய கடையில்கூட, பலகையே கண்ணில் படாத மாதிரிதான் ஆரம்பிப்பாள். கடைக்காரர் கடைசியில் சிரித்துக்கொண்டே குறைப்பார். பல்லுக்காரர் நாலடி தள்ளி, யாரோ எவரோ போல நின்றுகொண்டிருப்பார்.

அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆக வேண்டியதையெல்லாம் மைத்துனர் பார்த்துக்கொண்டார். ஒரு நோட்டில் வரிசையாகப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, "தங்கச்சி தவறிட்டா" என்று ஒவ்வொருவருக்காகச் சொல்லிச் சொல்லி டிக் போட்டார். பல்லுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த டிக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. நாலாம் நாள் பட்டறைக்குப் போய் ஒரு மேல்செட்டை முடித்துக் கொடுத்தார். கல்நெஞ்சக்காரன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்படியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மைத்துனரின் நோட்டில் விட்டுப்போன ஒரே ஆள் 'ஏழு ரூம் அக்கா'.

அந்தப் பெயரை வைத்தவள் மனைவிதான். ஓட்டலை நடத்துகிற அம்மாவுக்கு இருப்பதே ஏழு அறை. எப்போதோ கடல் தாண்டிப் போய் அங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பம். தமிழ் மட்டும் விட்டுப்போகவில்லை. இந்த மாதிரிச் சின்ன இடங்களில் முதலிலேயே அட்வான்ஸ் அனுப்பினால்தான் அறையைப் பிடித்து வைப்பார்கள். வராவிட்டால் அது போனது போனதுதான். அந்த அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லி மனைவி இரண்டு மாதம் பேசினாள். குரல் செய்தியாக அனுப்புவாள், குரல் செய்தியாகவே பதில் வரும். அட்வான்ஸில் தொடங்கிய பேச்சு முட்டிவலி, மருமகள், தலைமுடிச் சாயம் என்று எங்கெங்கோ போனது. பல்லுக்காரர் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டே காதில் வாங்கியும் வாங்காமலும் இருப்பார்.

அட்வான்ஸ் விஷயத்தில் அவளுக்குச் சூடு கண்ட அனுபவம் உண்டு. இதற்கு முன் இரண்டு பயணம், இரண்டு சின்ன ஓட்டல், இரண்டு அட்வான்ஸ். இரண்டு தடவையும் பெட்டி கட்டிய பிறகு அவருக்கு அவசர வேலை வந்தது. முதல் தடவை இரண்டு நாள் சண்டை போட்டாள். இரண்டாவது தடவை ஒன்றுமே சொல்லாமல் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். சண்டையே தேவலை என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. ஆனாலும் வேலைக்குத்தான் போனார்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மனைவியின் போனில் ஏழு ரூம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ரூம் தயார், வர்றீங்கதானே என்று. அந்தப் போனைத் தன் போனோடு சேர்த்துத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். கட்டைவிரல் படத்தை அழுத்தி அனுப்பிவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

ஓட்டல் ஒரு ஒடுக்கமான தெருவில், பூட்டுச் சாவிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. கதவைத் திறந்தால் தலைக்கு மேல் ஒரு மணி அடித்தது. ஏழு ரூம் அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வாங்க வாங்க! எங்க தங்கச்சி?"

"பின்னால வர்றா," என்றார் பல்லுக்காரர்.

அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"பின்னாலன்னா?"

"நாளைக்கு. ஒரு வேலை."

"அட, உங்களுக்குத்தான் எப்பவும் வேலைன்னு சொல்லுவா! இப்ப அவளுக்கும் வந்துருச்சா?" அக்கா சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "அஞ்சாம் நம்பர்தான் வச்சிருக்கேன். ஜன்னல் இருக்கணும், மாடி ஏற முடியாதுன்னு ஒரேயடியாச் சண்டை போட்டாள்ல, அந்த ரூம். வைஃபை நம்பர் கதவுக்குப் பின்னால ஒட்டியிருக்கு."

அறையில் இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு ஒரே விரிப்பாக விரித்திருந்தது. இரண்டு துண்டு, இரண்டு கோப்பை, இரண்டு சோப்பு. பல்லுக்காரர் இரண்டு போனையும் எடுத்து இரண்டிலும் வைஃபை நம்பரைப் போட்டார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிரே ஒரு சுவர், சுவரில் ஒரு குழாய், குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு சண்டை போட்டாள் என்று நினைத்தார். வருத்தமாக இல்லை. ஒன்றுமாகவே இல்லை. பட்டறையில் மாவு குழைத்துக் குழைத்துக் கை மரத்துப் போகுமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. படுக்கும்போது இடது பாதியிலேயே படுத்தார்.

மறுநாள் காலை கூடத்தில் ரொட்டியும் முட்டையும் டீயும் வைத்திருந்தார்கள். அவருக்கு எதிரிலும் ஒரு தட்டு போட்டிருந்தாள் அக்கா.

"எத்தனை மணிக்கு வர்றா?"

"மத்தியானம்."

"ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பவா? நீங்க சொல்லமாட்டீங்க, அவளையே கேக்கறேன்." மேஜைக்குப் பின்னால் போய் நின்று போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். "என்னடி, வீட்டுக்காரரைத் தனியா அனுப்பிட்டு நீ அங்க என்ன பண்றே? எந்த பிளைட்டு? சொல்லு, வண்டி அனுப்பறேன்."

பல்லுக்காரரின் சட்டைப் பையில் ஒரு குருவி கத்தியது. மனைவி செய்திகளுக்கு வைத்திருந்த சத்தம் அது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி போனைப் பார்த்தாள்.

"போய்ச் சேந்துருச்சு. பாக்கலையே. கூப்பிட்டே பாத்துடறேன்."

அவருக்கு எழுந்து வெளியே போகத் தோன்றியது. சட்டைப் பையில் போன் அடித்தது. விடாமல் அடித்தது. அதை எடுத்து மேஜைமேல், காலித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திரையில் 'ஏழு ரூம் அக்கா' என்று எழுதியிருந்தது. பத்தடி தூரத்தில் ஏழு ரூம் அக்கா போனைக் காதில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றாள்.

மைத்துனர் சொன்ன அந்த 'தவறிட்டா'வைத்தான் நாலு மாதமாக நாக்கில் வைத்திருந்தார். அந்த நேரத்தில் அது கிடைக்கவில்லை.

"செத்துப்போயிட்டா," என்றார். "நாலு மாசம் ஆச்சு. நான்தான்... நான்தான் யார்கிட்டயும் சொல்லலை."

அக்கா கத்தவில்லை. அழைப்பைத் துண்டித்தாள். வந்து, தட்டு போட்டிருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பல்லுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காத ஒருத்திக்காக இந்த அம்மா அழுகிறாள், இருபத்தொன்பது வருஷம் கூட இருந்த நமக்கு வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. டீ ஆறிப்போனது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கணக்குதான் வாயில் வந்தது.

"ரெண்டு பேருக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கா. அவ வரலை. அதனால அவளோடதை நீங்களே வச்சுக்கணும். அதுதானே பேச்சு?"

அக்கா முந்தானையை எடுத்தாள். "ரெண்டு பேருக்கா? யார் சொன்னா?"

"கட்டலையா?"

"ஒரு ஆளுக்குத்தான் கட்டினா. எங்க வழக்கம் தலைக்கு இவ்வளவுன்னு. ரெண்டு பேருக்கும் கட்டுன்னு எவ்வளவோ கேட்டேன். முடியாதுன்னுட்டா." தன் போனை எடுத்தாள். "அவ சொன்னதைக் கேக்கறீங்களா? வேணாம்னா விட்டுருவோம்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அக்கா போனில் விரலால் மேலே மேலே தள்ளி, ஒன்றை அழுத்தி, மேஜையின் நடுவில் வைத்தாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க." பின்னணியில் குக்கர் சத்தம். "எனக்கு மட்டும் கட்டறேன். நான் வர்றது நிச்சயம், அதுல மாத்தமே இல்லை. எங்க வீட்டுக்காரரைத்தான் சொல்ல முடியாது. கிளம்பற அன்னிக்குப் பாத்து எவனுக்காவது பல்லு கட்டணும்னு உக்காந்துருவாரு. ரெண்டு தடவை அவராலதான் அட்வான்ஸ் போச்சு, மூணாவது தடவை நான் ஏமாற மாட்டேன். ஒருவேளை வந்துட்டாருன்னு வைங்க, அங்கேயே புடிச்சு வாங்கிக்குங்க. விட்டுறாதீங்க!" பிறகு அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் செய்தி முடிந்துவிட்டது.

பல்லுக்காரர் சட்டைப் பையில் கையை விட்டார். அங்கே இல்லை. கால்சட்டைப் பையில் இருந்தது பர்ஸ். அதைத் திறந்து, "ஒரு ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"என்ன தம்பி நீங்க? உள்ள வைங்க. ரூமுக்கு அவ கட்டினதே போதும்."

"இல்லை. வாங்கிக்குங்க." இருந்த நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகம் நனைந்திருந்தது, எப்போது நனைந்தது என்று அவருக்குத் தெரியாது. "விட்டுறாதீங்கன்னு சொல்லியிருக்கா. நான் வந்துட்டேன்ல?"