ஒரு றிங்

1

காலை ஏழு இருபதுக்கு யோகநாதனின் போன் ஒருமுறை அடித்து நிற்கும்.

இந்த வரியைக் கதைக்கென்று எழுதவில்லை. அறிகை நடத்தைச் சிகிச்சை பற்றி ஒரு சிறு கைநூல் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எளிய தமிழில், ஓர் உதாரணத்தோடு. உதாரணத்துக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். வெள்ளவத்தையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் ஒருவரை உண்டாக்கினேன். கைநூல் அச்சுக்குப் போய்விட்டது. அவர் போகவில்லை.

அங்கே அவர் 'திரு. யோ.' இங்கே முழுப்பெயர். மனைவி ஜீவராணி களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. வார்டுக்குள் நுழைந்ததும் கணவருக்கு ஒரு றிங் கொடுத்து வெட்டுவாள். திரும்ப பஸ் ஏறும்போது ஒன்று. வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போது ஒன்று. பேச்சுக் கிடையாது. ஒரு றிங் என்றால் உயிரோடு இருக்கிறேன் என்று பொருள்.

(முதல் வரைவில் 'வந்துவிட்டேன் என்று பொருள்' என்றிருந்தது. அது ஜீவராணி அனுப்பும் பொருள். அவர் கேட்பது வேறு.)

2

கைநூலிலிருந்து சில வரிகள்:

'நம்மை வருத்துவதில் நிகழ்ச்சிக்குப் பாதிப் பங்கு. மீதி, அதற்கு நாம் கொடுக்கும் பொருளுக்கு. அறுபதுகளில் ஓர் அமெரிக்க மருத்துவர், சோர்ந்துபோன தன் நோயாளிகளின் மனதில் சட்டென்று ஓடி மறையும் எண்ணங்களைக் கவனித்தார். நோயாளிகள் அவற்றை எண்ணம் என்று நினைப்பதில்லை, உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணத்தை வெளியே எடுத்து வைத்து ஆதாரம் கேட்பது அவர் கண்ட வழி. நடத்தையை ஆராய்ந்தவர்கள் அதற்கு முன்பே இன்னொன்றைச் சொல்லியிருந்தார்கள். பயந்ததைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். படிப்படியாக நெருங்கினால் தேயும். இந்த இரண்டும் சேர்ந்ததே இந்தச் சிகிச்சை.'

யோகநாதனை இதில் பொருத்துவது சுலபம். நிகழ்ச்சி: போன் அடிக்கவில்லை. எண்ணம்: அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது. உணர்ச்சி: பயம். உடல்: நெஞ்சு அடைக்கும், உள்ளங்கை வேர்க்கும். செயல்: விடாமல் கோல் எடுப்பார். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் ஜீவராணியின் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

கைநூலுக்கு இது போதும். கதைக்கு அவர் எதையாவது இழக்கும் நிலையில் இருக்கவேண்டும். ஜீவராணிக்குக் கண்டியில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்திருக்கிறது.

"இஞ்ச பாருங்கோ, போனமுறை வேண்டாமெண்டு எழுதிக் குடுத்தன். இந்தமுறை குடுக்க மாட்டன். மாசம் முடியிறதுக்குள்ள பதில் சொல்ல வேணும்."

"போமன். நான் மறிக்கேல்லையே."

"நீங்கள் மறிக்கேல்லை. கண்டியில இருந்து நாளைக்கு எத்தினை றிங் எண்டு மட்டும் சொல்லிப்போடுங்கோ."

அவர் ஒரு எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அடுத்த கிழமை சிகிச்சைக்குப் போகச் சம்மதித்தார்.

3

சிகிச்சையாளர் ஷஸ்னா. அவளுடைய அறை கொட்டாஞ்சேனையில், ஒரு பாமசி மருந்துக்கடைக்கு மேல்மாடியில். (பொரளையில் வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.)

"றிங் வராட்டி ஆன்ட்டிக்கு ஏதோ நடந்துட்டுன்னு நினைக்கிறீங்க. அதுக்கு என்ன ஆதாரம் இரிக்கி, அங்கிள்?"

"என்ர தம்பி," என்றார் யோகநாதன்.

கைநூலில் இந்த இடத்தில் திரு. யோ. சற்று யோசித்து, ஆதாரம் ஒன்றுமில்லை என்பார். எழுதும்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அவருடைய தம்பி சுமன். யுத்த காலத்தில் ஒருநாள் வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓர் ஆளைப் பார்க்கப் போனவன். போனதும் லொட்ஜ் போனுக்கு ஒரு றிங் கொடுப்பதாக ஏற்பாடு. அப்போது எல்லோரும் அப்படித்தான். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். றிங் வரவில்லை. சுமனும் வரவில்லை. என்ன ஆனான் என்பது இன்றுவரை தெரியாது.

எண்ணத்துக்கு ஆதாரம் கேட்கிற சிகிச்சை இது. ஆதாரம் இருந்தால் என்ன செய்வது? ஷஸ்னாவுக்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

"அது அந்தக் காலம், அங்கிள்." அடித்துவிட்டேன். எல்லோரும் அவருக்குச் சொன்னதுதான்.

"இத்தன வருசத்துல ஆன்ட்டி எத்தன நாள் பத்திரமா—" கணக்கில் அவர் தோற்பார், பயம் தோற்காது. அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் அவள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"அண்டைக்கு அந்த றிங் வந்திருந்தா, அவர் திரும்பி வந்திருப்பாரா?"

"சொல்லேலாது. போகேக்கை பிடிச்சாங்களோ, திரும்பி வரேக்கையோ."

"அப்ப றிங் யாரப் பாதுகாக்குது?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"என்னைத்தான், மிஸ்."*

* கைநூலில் இதற்குப் 'பாதுகாப்பு நடத்தை' என்று பெயர். பயத்தை அடக்க நாம் செய்கிற சின்னக் காரியம். அந்த நேரத்துக்கு உதவும். அது இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கண்டுகொள்ள மட்டும் விடாது.

4

(சுமன் வெளிக்கிட்ட காலையை இங்கே எழுதியிருந்தேன். அவன் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்ற கண்ணாடி, அவன் அண்ணனிடம் கடைசியாக — வேண்டாம். எடுத்துவிட்டேன். இது அவனுடைய கதையானால் யோகநாதன் காத்திருப்பவராகவே நின்றுபோவார்.)

5

இந்தச் சிகிச்சையில் பேச்சோடு பரிசோதனையும் உண்டு. என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை முன்கூட்டிச் சொல்லவேண்டும். பிறகு செய்து பார்க்கவேண்டும். ஒரு கிழமைக்கு ஜீவராணி காலை றிங் கொடுக்கக்கூடாது என்று முடிவாயிற்று.

யோகநாதன் அமைதியாக இருந்தார். ஒரு கோல் இல்லை. ஜீவராணி அவரை இரண்டு நாள் மெச்சினாள். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஹஸன் அவளைக் கைகாட்டி மறித்தார்.

"மிஸ்ஸி, இண்டைக்கு லேட்டு. யோகநாதன் அண்ணன் மூணு தரம் எடுத்துட்டாரு. நீங்க பஸ்ஸால எறங்கினதும் நான் அவருக்கு ஒரு றிங் அடிக்கோணுமே."

அடுத்தமுறை கொட்டாஞ்சேனைக்கு அவளும் கூடவே போனாள்.

"மிஸ், இவர் தேத்தண்ணிக் கடையில ஆள் போட்டு வச்சிருக்கிறார். எனக்கு சென்ட்றி."

"ஹஸன் தானாத்தான் கேட்டவர், ஏதும் உதவி வேணுமோ எண்டு."

"ஓம், அவர் ஜோசியம் பார்த்துக் கேட்டவர்."

ஷஸ்னா சிரித்துவிட்டாள். யோகநாதனும். (இந்தச் சிரிப்பு கைநூலில் இல்லை. இருந்திருக்கவேண்டும்.)

"பயம் போகல்ல, அங்கிள். ஆளை மாத்தியிரிக்கி," என்றாள் ஷஸ்னா. "இன்னொருக்கா செய்வம். ஹஸன் நாநாவும் வேணாம். றிங் இல்லாட்டி என்ன நடக்கும்? நூத்துக்கு எத்தன நம்புறீங்க?"

"அவ வரமாட்டா." பிறகு, "எழுபது."

6

முடிவுக்கு வந்தாயிற்று. ஒன்று: மாலையில் ஜீவராணி வழமைபோல் வீட்டுக்கு வருகிறாள், எழுபது பத்தாகிறது. கைநூல் இப்படித்தான் முடிகிறது. இன்னொன்று: பாதியில் கடையைப் பூட்டி, த்ரீவீலர் பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிறார். அதிலும் குற்றமில்லை, எத்தனையோ பேர் அப்படி நின்றிருக்கிறார்கள். மூன்றாவதும் ஒன்று உண்டு. அதை நான் எழுதமாட்டேன்.

நடந்ததாக எனக்குத் தோன்றுவது இது.

ஏழு இருபது கடந்தது. போன் மேசையில் கிடந்தது. யாரோ ஒருவரின் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் கொப்பி எடுத்துக் கொடுத்தார். பயம் ஏறியது. ஆனால் ஏறிக்கொண்டே போகவில்லை. ஷஸ்னா சொன்னபடி ஓரிடத்தில் நின்றது, பிறகு தானாக இறங்கியது. அது இறங்குவதை அவர் கவனித்தார். தம்பியின் கையை விடுவதுபோல் இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது. ஜீவராணி. ஒரு றிங்கோடு நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

அந்தப் பேச்சின் முடிவில், அவளுடைய கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்று பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் அவருடைய குரலில் வரவில்லை. அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன்.

"என்ன? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"நீர் அடிக்கிறேல்லை எண்டெல்லோ கதை. நான் இஞ்ச நல்லாத்தான் இருக்கிறன்."

"தெரியும். காலமையில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன், உங்கட கோல் ஒண்டும் இல்லை."

பின்னால் வார்டில் ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது. அது தூரப் போனதும் அவள் கேட்டாள்:

"இஞ்ச பாருங்கோ, கண்டியில போய் இறங்கினா, வந்திட்டன் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?"