இரண்டு கோடு

சடலத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஏலவார்குழலியின் கை, அபிநயாவின் வயிற்றுக்கு வந்ததும் நின்றது. அவள் அபிநயாவின் அத்தை, புவனேஸ்வரியின் நாத்தனார். சேதி கேட்டு செவிலிமேட்டிலிருந்து விடிந்ததும் ஓடிவந்தவள். சுற்றிலும் சேலை பிடித்து மறைத்திருந்த பெண்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, புவனேஸ்வரியின் காதருகே குனிந்தாள்.

“புவனா, எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? வயித்துல இருக்கிறதோட சும்மா அனுப்பக் கூடாதும்மா. சத்தமில்லாம ஒரு சுமைதாங்கிக் கல்லு நட்டுடலாம்.”

கர்ப்பத்தோடு செத்தவளுக்குத்தான் அந்தக் கல். நட்டுவிட்டால் பிள்ளையார்பாளையத்தில் அபிநயாவின் பெயர் காலத்துக்கும் கெட்டுப்போகும்.

கோபம் வரவேண்டிய இடம். புவனேஸ்வரிக்கு வரவில்லை. பெற்றவளே அப்படித்தானே பார்த்தாள். மகளுக்கு மாதவிலக்கு நின்று வயிறு மேடிட்டபோது, மெடிக்கலில் அட்டை வாங்கிவந்து சோதித்தாள். இரண்டு கோடு விழுந்தது. அவ்வளவுதான், பட்டுக்கடை வேலை நின்றது, போன் பீரோவுக்குள் போனது. ஒருநாள் கடை வாசலில் அபிநயாவோடு பேசிக்கொண்டு நின்ற சரத்குமார்தான் ஆள் என்று அவளே முடிவும் கட்டிவிட்டாள்.

“யாரும் இல்லம்மா. வலிக்குது, கை வெச்சுப் பாரேன்” என்றாள் அபிநயா. புவனேஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள். மானம் போய்விடுமென்று இரண்டு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைக்கவில்லை.

மயங்கி விழுந்த பிறகு எடுத்த ஸ்கேனில் குழந்தை இல்லை. சினைப்பையில் கட்டி இருந்தது.

“கர்ப்பத்துல ஏறுற ஹார்மோன் இந்தக் கட்டியிலயும் ஏறும்மா. அந்த அட்டைக்கு வித்தியாசம் தெரியாது” என்றார் டாக்டர். “ரத்தத்துல ஏ.எஃப்.பி.ன்னு இன்னொண்ணும் ஏறியிருக்குது. ஸ்கேனோட ரெண்டையும் சேர்த்துப் பார்த்துதான் இன்ன கட்டின்னு பிடிக்கிறோம். மருந்துக்கு நல்லாக் கேக்குற கட்டி. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்.”

அதைக் கேட்ட பிறகும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. இன்று காலை சரத்குமார் கடை ஆட்களோடு மாலை கொண்டுவந்தபோதுகூட, அவன் கண் கலங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளிடமே வந்து, “அபிநயாவோட அம்மா யாருங்க?” என்று கேட்டான்.

“அது கட்டி, அண்ணி.” புவனேஸ்வரி சேலைக்கு வெளியேயும் கேட்கும்படி சொன்னாள். “எம் பொண்ணு கன்னியாத்தான் போறா. கல்லெல்லாம் வேணாம். புதுத்துணி வெச்சு, பூவாடைக்காரியா, வீட்டுச் சாமியா கும்பிடணும். தப்பாப் பாத்தவ நான்தான்.”

ஏலவார்குழலி செம்பைக் கீழே வைத்தாள். வெளியே ஒருவர், “நேரமாவுதும்மா” என்று குரல் கொடுத்தார்.

புவனேஸ்வரி மஞ்சளைக் குழைத்து மகளின் வயிற்றில் கை வைத்தாள். மறுபடியும் குரல் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.