முன்னங்கால் கயிறு

அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஊர்த் தலைவர் யாக்கோபு நைலான் கட்டிலில், தலைமாட்டுப் பக்கம். என் வீட்டுக்காரர் ஆன்டனி ராஜ் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல். பக்கத்து வீட்டு சுகந்தி வாசற்படியில், பூண்டு உரித்தபடி. நான் பிளாஸ்டிக் நாற்காலியில்; எதிரே இன்னொரு நாற்காலி, அதில் என் வலது கால். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், பீச்சில் குதிரைச் சவாரி விடும் ஜெபஸ்டின் கடைசிவரை உட்காரவில்லை, பைக்கில் சாய்ந்தே நின்றான். பூவரச மரத்தில் குதிரை கட்டியிருந்தது.

"மதினி, குதிரையக் கூட்டிட்டுப் போக வந்தேன். இம்புட்டு நாளு பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றான் ஜெபஸ்டின். இரவல் கொடுத்த குடத்தைத் திரும்ப வாங்க வந்தவன் மாதிரி இருந்தது அவன் பேச்சு.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இந்த ஜெபஸ்டின்தான் ஜனவரியில் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து என் தலைமாட்டில் நின்று உச்சுக் கொட்டியவன். ஈஸ்டர் அன்று இதே முற்றத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, இதே குதிரையைப் பார்த்து, "யாரு குதிரையோ, பாவம்" என்று சொன்னவன்.

நடந்தது இதுதான். காணும் பொங்கல் முடிந்த வாரம், மகளிர் குழுவின் பேங்க் வேலையாக இராமநாதபுரம் போயிருந்தேன். குழுவுக்கு நான்தான் செயலாளர். எழுத்து வேலை எல்லாம் என்னுடையது. சாயங்காலம் ஸ்கூட்டியில் திரும்பும்போது உப்பூருக்குப் பக்கத்தில், நடு ரோட்டில் ஒரு குதிரை நின்றது. ஹாரன் அடித்தேன். அது ஒதுங்கத்தான் பார்த்தது. ஆனால் முன்னங்கால் இரண்டும் ஒட்டினாற்போல ஒன்றாக எழும்பின. எழும்பிய வேகத்தில் அப்படியே என் வண்டி மேல் விழுந்தது. என் கெண்டைக்கால் எலும்பு இரண்டாக முறிந்தது. பிளேட்டு வைத்தார்கள். போலீஸ் பேப்பரில் 'உரிமையாளர் தெரியாத குதிரை' என்று எழுதினார்கள். கீழே கையெழுத்துப் போட்டவர் என் வீட்டுக்காரர்.

கட்டிப் போட ஸ்டேஷனில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது குதிரை எங்கள் பூவரச மரத்தடியில் நின்றது.

"அத அவுத்து விரட்டுங்க! எங் கண்ணு முன்னால நிக்கக் கூடாது" என்று கத்தினேன்.

"பாவம்ல, நொண்டுது" என்றார் அவர்.

"நான் மட்டும் டான்ஸா ஆடுறேன்?"

முதல் வாரம் அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் துப்பினேன். பிறகு நாற்றம் வர ஆரம்பித்தது. சுகந்திதான் குனிந்து பார்த்துச் சொன்னாள், "ஏடி பிரெசில்லா, கயிறுடி. சதைக்குள்ள போயிருக்கு." முன்னங்கால் ஒவ்வொன்றிலும் குளம்புக்கு மேலே மூன்று சுற்றுப் பச்சைக் கயிறு. இரண்டையும் இணைத்திருந்த நடுக்கயிறு அறுந்து தொங்கியது. குதிரை தூரமாகப் போய்விடாமல் இருக்கக் காலைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கட்டு.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு மரத்தடிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். உட்காரவே கால் மணி நேரம் ஆனது. சுகந்தி வெல்லத்தைக் காட்டி அதன் மூஞ்சியைப் பிடித்துக்கொண்டாள். நான் மீன் அறுக்கிற கத்தியால் ஒவ்வொரு புரியாக அறுத்தேன்.

"மிதிச்சிறப் போகுதுடி."

"மிதிக்கட்டும். இன்னொரு காலு மிச்சம் இருக்குல்ல எனக்கு."

அது மிதிக்கவில்லை. உடம்பு மட்டும் தோலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது. கடைசிப் புரி அறுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலைக் கட்டி ரோட்டில் விட்டால் எந்த உயிர் ஒதுங்கும்? அன்றோடு குதிரை மேல் இருந்த கோபம் போய்விட்டது. போனது என்றால் தணிந்து போகவில்லை. கட்டியவன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் யார் என்றுதான் தெரியவில்லை.

கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். உப்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார், களிம்பு எழுதிக் கொடுத்தார். என்னுடைய டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். எதற்காக நடப்பது என்று இருந்த எனக்கு இப்போது நடக்க வேலை கிடைத்தது. வாக்கரைப் பிடித்தால் வாளி தூக்க முடியாது. அதனால் வாக்கரின் முன்கம்பியில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டேன். குழாயடியிலிருந்து மரத்துக்குப் போவதற்குள் பாதித் தண்ணீர் என் பாவாடையில் இருக்கும். மறுபடி போவேன். தவிடு, ஊறவைத்த கொள்ளு, அடுத்த தெரு மூக்கையா தன் ஆட்டுக்கு அறுக்கும் புல்லில் ஒரு கட்டு. முதலில் யார் முன்னங்கால் பக்கம் போனாலும் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டும். தவக்காலம் முடிவதற்குள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து தொடையைத் தட்டினால் போதும், காலைத் தூக்கித் தானாக என் மடியில் வைத்தது. முறிந்த என் வலது காலின் பக்கம் வைக்காது, இடது தொடையில்தான் வைக்கும். நான் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போது மே மாதம். பள்ளிக்கூட லீவு. பீச்சில் சவாரிக் கூட்டம். குதிரைக்குப் புண் ஆறி, உடம்பில் சதை ஏறியிருக்கிறது. ஜெபஸ்டின் வந்து நிற்கிறான்.

"சும்மா வந்து என்னுதுன்னு சொன்னா எப்புடிப்பா? அடையாளம் இருந்தாச் சொல்லு" என்றார் யாக்கோபு. தலைவர் என்பதால் முறையாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டார். அதில் வேறு எதுவும் இல்லை.

ஜெபஸ்டினுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடையாளமா? இடது காதுல ஓரத்துல வெட்டு, நான் போட்டது. நெஞ்சுல வெள்ளை. இன்னும் என்ன வேணும்? முன்னங்கால் ரெண்டயும் சேத்துப் பச்சைக் கயிறு. பழைய இழுவை மடி வலைக் கயிறு, மூணு சுத்து, என் கையால போட்ட முடிச்சு. எவன்ட்ட வேணாலும் கேளுங்க."

சுகந்தியின் கையில் பூண்டு அப்படியே நின்றது. நான் கேட்டேன், "எப்பத் தம்பி கட்டுன?"

"காணும் பொங்கல் கூட்டம் கலைஞ்ச மறுநாளு. சவாரி இல்லாதப்ப வெட்டியா வச்சுத் தீனி போட முடியுமா? உப்பூர்ப் பக்கம் நானேதான் கொண்டுபோய் விட்டேன்."

"விட்டுட்டாருடி" என்றாள் சுகந்தி. "குதிரையயும் விட்டாரு, வாயயும் விட்டாரு."

அதற்குப் பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது. தப்பிக்க வழி தேடியவன் நேராக என் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தான். "என்ன எல்லாரும் புதுசாக் கேக்குற மாதிரி பாக்குறீக? அண்ணனுக்குத் தெரியாதா? அன்னிக்கே போன் போட்டு, 'ஏலே, உன் குதிரைதாம்லே, பேசாம இரு'ன்னு சொன்னது யாரு?"

என் வீட்டுக்காரர் மீன் பெட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

"தெரியுமா?" என்று கேட்டேன்.

"குடும்பத்துக்குள்ள கேஸு எதுக்குன்னுதான்..."

"அப்ப நான் எந்தக் குடும்பம்?"

இரவெல்லாம் கால் வலியில் நான் முனகும்போது, "எந்தப் பய குதிரையோ, அவன் கையில கெடச்சான்னா" என்று பல்லைக் கடித்த மனிதர் இவர். அந்தப் பயலுக்கு ஈஸ்டர் அன்று என் கையாலேயே மீன் குழம்பு ஊற்ற வைத்திருக்கிறார்.

யாக்கோபு தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. பேசி முடிப்போம்."

ஜெபஸ்டின் சட்டென்று இறங்கி வந்தான். "மதினி, குதிரைய நீங்களே வச்சுக்கங்க. நான் இனிமே கேக்க மாட்டேன். இந்தப் பேச்ச மட்டும் இத்தோட விட்டுருங்க."

ஒரு நிமிடம் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. பொய் சொல்லவில்லை. மரத்தடியில் அது தவிட்டை நக்கிக்கொண்டு நின்றது. நான் ஆசைப்பட்டதும் அது ஒன்றைத்தான்.

"உன்ட்ட இன்னும் அஞ்சு குதிர இருக்குல்ல? ஆடிக் கூட்டம் முடிஞ்சதும் அதுகள என்ன செய்வ?"

"என்ன மதினி கேள்வி? எப்பவும் போலதான். கட்டி விட்டா அதுபாட்டுக்கு மேயும். ஊருல எல்லாரும் செய்யிறதுதான?"

சிரித்துக்கொண்டே சொன்னான். என் கால் அவன் எதிரே நாற்காலியில் நீட்டிக் கிடந்தது.

"கெளம்பு" என்றேன்.

"மதினி, நான் என்ன..."

"எந்திரிச்சு வரணும்னா நேரமாகும் தம்பி. ஆனா வருவேன். கெளம்பு."

அவன் போன பிறகு யாக்கோபு மெதுவாகச் சொன்னார், "யோசிச்சுச் செய்யிம்மா. கேஸுன்னு ஆச்சுன்னா குதிரையயும் ஓட்டிட்டுப் போயிருவாக. கோர்ட்டு ஓனருட்டதான் குடுக்கும். புருசன் பொய்யாக் கையெழுத்துப் போட்டதும் வெளிய வரும்."

எனக்கும் அது தெரியும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவள் நான். ஒரு தாளில் என்ன எழுதினால் யார் தலையில் என்ன விழும் என்று தெரியாமல் எழுதுவதில்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் வைத்து, புண் இருந்த இடத்தில் எண்ணெய் தடவிவிட்டு, எழுத உட்கார்ந்தேன். பெறுநர், காவல் ஆய்வாளர். நகல், மாவட்ட ஆட்சியருக்கு. விபத்து, கயிறு, ஜெபஸ்டின் தன் வாயால் சொன்னது, யார் முன்னால் சொன்னான் என்பது. மற்ற ஐந்து குதிரைகள். வழக்கு முடியும் வரை குதிரையை என் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு பத்தி. திட்டி எழுதிய முதல் தாளைக் கிழித்தேன். கோபம் எழுத்தில் தெரிந்தால் படிப்பவன் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவான்.

என் வீட்டுக்காரர் நிலைப்படியில் வந்து நின்றார். மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போகிற சாக்கும் இல்லை.

"என்னயும் எழுதிருக்கியா?"

"எழுதிருக்கேன்."

"போன் போட்டதயுமா?"

"அதயுந்தான்."

"ஊருக்குள்ள தலை காட்ட முடியாது பிரெசில்லா."

"நானு நாலு மாசமா வெளிய தலை காட்ட முடியாம வீட்டுக்குள்ளயேதான் கெடந்தேன்."

"குடு, நானாச்சும் போட்டுட்டு வாரேன்" என்று கையை நீட்டினார். நான் கவரைக் கொடுக்கவில்லை. அவர் போட்டாலும் போடுவார். ஆனால் இனிமேல் அவர் கையை நம்பி இதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

பசை காய்ந்து போயிருந்தது. காலைச் சோற்றிலிருந்து இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கித் தேய்த்து, இரண்டு கவரையும் ஒட்டி, ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தினேன். வாக்கரை விட்டுவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டேன். கோவிலைத் தாண்டித் தபால் ஆபீஸ் வரை வழியில் மூன்று இடத்தில் நின்றேன். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

"ஸ்பீடு போஸ்டா?" என்று கேட்டார் தபால் ஆபீஸ் அம்மா. பெறுநரைப் படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், மறுபடி கவரைப் பார்த்தார். "நல்லா யோசிச்சியா?"

"ஒட்டியாச்சுல்ல, போடுங்க."

அவர் முத்திரையை எடுத்து இரண்டின் மேலும் ஓங்கிக் குத்தினார். ரசீதைக் கிழித்து என்னிடம் நீட்டிவிட்டு, கவர்களைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார். மதியப் பேருந்து வந்து பையை ஏற்றிக்கொண்டு போகும்வரை நான் அங்கேயே நின்றேன்.